கண்ணுக்குப் போட்ட மருந்து மூக்கில் காந்துகிறதா? டிர்வாயா ஸ்பிரே பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டல்லஸில் இருக்கிறீர்கள், கண் வறட்சிக்கு டாக்டர் டிர்வாயா என்ற மூக்கு ஸ்பிரேயை எழுதிக் கொடுத்திருக்கிறார், போட ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகப் போகிறது. ஒவ்வொரு முறை அடித்ததும் வரிசையாகத் தும்மல், மூக்குக்குள் காந்தல், தொண்டையில் கரகரப்பு, சில நேரம் இருமல். கண்ணுக்கு ரெஸ்டாசிஸ் சொட்டு மருந்தும், பழைய அலர்ஜிக்காக ஃப்ளோனேஸ் என்ற மூக்கு ஸ்பிரேயும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. "கண் சரியாவதற்குள் மூக்கு போய்விடும் போலிருக்கிறது, நிறுத்திவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் நியூ ஜெர்சியில் ஒரு மருந்துக் கடையில் ஃபார்மசிஸ்ட். டாக்டர் இல்லை, உங்கள் மூக்குக்குள் பார்த்தவனும் இல்லை. ஆனால் இந்த ஸ்பிரேயை வாங்கிப் போகிறவர்கள் திரும்பி வந்து சொல்லும் புகார் கிட்டத்தட்ட எப்போதும் இதேதான் என்பதால் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

என் கணிப்பில் நீங்கள் ஒரே தொந்தரவாக நினைப்பது மூன்று தனித்தனித் தொந்தரவுகள். தும்மல் மருந்தோடு கூடவே வருவது, அதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். தொண்டைக் கரகரப்பு முக்கால்வாசி அடிக்கும் விதத்தால் வருவது, அதை இன்றைக்கே சரி செய்யலாம். காந்தல் இருக்கிறதே, அதற்குத்தான் யார் காரணம் என்று தேடிப் பார்க்க வேண்டும். டிர்வாயாவாகவும் இருக்கலாம், உங்கள் வீட்டு ஹீட்டராகவும் இருக்கலாம். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால், சரி செய்யக்கூடியதைப் பொறுத்துக்கொண்டு, பொறுக்கக்கூடியதற்காக மருந்தை நிறுத்திவிடுவோம்.

முதலில், கண்ணுக்கான மருந்தை ஏன் மூக்கில் அடிக்கிறார்கள் என்பதைப் பார்த்துவிடலாம். டாக்டர்கள் அவசரத்தில் இதைச் சொல்வதில்லை, இது புரியாமல் தும்மலும் புரியாது. மூக்கின் உட்சுவரில் ஐந்தாம் மூளை நரம்பின் கிளைகள் இருக்கின்றன. அந்த நரம்பு தூண்டப்பட்டால் செய்தி மூளைத்தண்டுக்குப் போய், அங்கிருந்து ஏழாம் நரம்பின் வழியாகக் கண்ணீர்ச் சுரப்பிக்கு வருகிறது, கண்ணில் நீர் ஊறுகிறது. நாம் சும்மா மூச்சு விடும்போதுகூட இந்த வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது. மூக்கின் உட்புறத்தை மரத்துப்போகச் செய்து அளந்து பார்த்ததில், சாதாரண நேரத்தில் ஊறும் கண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மூக்கில் காற்று பட்டுப் போவதன் தூண்டுதலால் வருகிறது என்று தெரிந்திருக்கிறது.

டிர்வாயாவில் இருக்கும் மருந்து வரெனிக்ளின். பெயர் எங்கோ கேட்டதுபோல் இருந்தால் ஆச்சரியமில்லை. சிகரெட்டை நிறுத்துவதற்காக 2006இல் சான்டிக்ஸ் என்ற பெயரில் மாத்திரையாக வந்தது இதே மருந்துதான். நிக்கோட்டின் போய் உட்காரும் அதே ஏற்பிகளில் (நரம்பைத் தூண்டிவிடும் பொத்தான் மாதிரியான இடங்கள்) இதுவும் போய் உட்காரும், மூக்கின் உள்ளே அந்த ஏற்பிகள் இந்த நரம்பில் இருக்கின்றன. நம் ஊர்ப் பெரியவர்கள் பட்டணம் பொடியை ஒரு சிட்டிகை எடுத்து மூக்கில் ஏற்றியதும் கண் கலங்கி, அடுக்கடுக்காகத் தும்மி, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்களே, அந்தப் பொடியும் புகையிலைதான், அதிலிருப்பதும் நிக்கோட்டின்தான். (அதற்காகக் கண் வறட்சிக்கு மூக்குப்பொடி போடலாமா என்று கேட்காதீர்கள், அது புற்றுநோய் வரவழைக்கும் சமாச்சாரம்.) இங்கே முக்கியமான விஷயம், கண்ணீரை வரவழைக்கும் அதே நரம்புதான் தும்மலையும் வரவழைக்கிறது. ஒன்றைத் தட்டி எழுப்பிவிட்டு மற்றொன்றைத் தூங்கச் சொல்ல முடியாது.

அதனால்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021 அக்டோபரில் இதற்கு அனுமதி கொடுத்தபோது, மருந்துக் குறிப்பிலேயே தும்மல் முதல் இடத்தில் இருந்தது. ஆய்வில் மருந்து போட்டுக்கொண்டவர்களில் 82% பேர் தும்மியிருக்கிறார்கள். இருமல், தொண்டை எரிச்சல், மூக்கில் எரிச்சல் எல்லாம் 5 முதல் 16% பேருக்கு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தும்மாதவர்தான் அபூர்வம், ஆனால் மூக்கு எரிகிறவர்கள் சிறுபான்மை. அதைத்தான் முதலிலேயே பிரித்துச் சொன்னேன்.

தும்மல் பற்றி மூன்று விஷயம். அடித்தவுடன் தும்மிவிட்டால் மருந்து வெளியே போய்விட்டது என்று நினைத்து இன்னொரு தடவை அடிக்கிறவர்கள் உண்டு, அது வேண்டாம். ஒரு வேளைக்கு ஒரு துவாரத்துக்கு ஒரே ஒரு ஸ்பிரே, 12 மணி நேர இடைவெளியில் நாளைக்கு இரண்டு வேளை, அவ்வளவுதான் அளவு. ஒரு வேளை மறந்துபோனால்கூட அதை விட்டுவிட்டு அடுத்த வேளைக்கு அடித்தால் போதும், சேர்த்து அடிக்கக் கூடாது. இரண்டாவது, தும்மல் பலமாக வந்தால் மருந்து பலமாக வேலை செய்கிறது என்றும், தும்மல் நின்றுபோனால் மருந்து செத்துவிட்டது என்றும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தும்மலை வைத்து மருந்தை அளக்காதீர்கள், அளக்க வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். மூன்றாவதுதான் எனக்கு ரொம்பக் கவலை. தும்மலை அடக்க செட்டிரிசின், பெனட்ரில் என்று அலர்ஜி மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார்கள். இது அலர்ஜித் தும்மல் இல்லை, நரம்பு தூண்டப்பட்டு வரும் தும்மல், அந்த மாத்திரை இதைத் தொடாது. அதோடு பெனட்ரில் மாதிரியான மாத்திரைகள் கண்ணீரையும் எச்சிலையும் காய வைப்பவை. காசு கொடுத்து ஒரு மருந்தால் கண்ணீரை வரவழைத்து, இன்னொரு மருந்தால் அதைக் காய வைப்பது என்ன கணக்கு? அலர்ஜிக்கு உண்மையிலேயே மாத்திரை தேவைப்பட்டால் அது வேறு விஷயம், டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சரி, தும்மலைக் கொஞ்சம் சமாளிக்கலாம். காலையில் காரை எடுத்த பிறகு சிக்னலில் நின்றபடி அடிக்காதீர்கள், அடுக்குத் தும்மல் வந்தால் சாலை தெரியாது. வீட்டிலேயே, கையில் டிஷ்யூவோடு, அடுத்த ஐந்து நிமிடம் வேறு வேலை இல்லாத நேரமாகப் பார்த்து அடியுங்கள். போடப் போடப் பழகிப்போகிறது என்று பலர் சொல்கிறார்கள், எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

இனி தொண்டை. இதைத்தான் நான் கடை கவுண்ட்டரில் ஆளை நிறுத்தி, மூடி போட்ட பாட்டிலைக் கையில் கொடுத்து, எப்படி அடிக்கிறீர்கள், காட்டுங்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் ஒரே காட்சிதான். தலையை மொட்டைமாடியில் நட்சத்திரம் பார்ப்பவர் மாதிரி முழுக்கப் பின்னால் சாய்ப்பார்கள், முனையை நேராக மேல்நோக்கியோ மூக்கின் நடுத்தண்டைப் பார்த்தோ வைப்பார்கள், அழுத்தும்போது சர்ரென்று உறிஞ்சுவார்கள். மூன்றுமே தப்பு. தலையை முழுக்கச் சாய்த்தால் மருந்து மூக்கில் தங்காமல் வழிந்து தொண்டைக்கு இறங்குகிறது. உறிஞ்சினால் இன்னும் வேகமாக இறங்குகிறது. நடுத்தண்டில் அடித்தால் அந்த மெல்லிய சவ்வில் தினமும் ஒரே இடத்தில் பட்டுப் பட்டு அது புண்ணாகிறது, ரத்தம் கசிவதும் அங்கேதான்.

சரியான முறை இது. முதலில் தேவைப்பட்டால் மூக்கை மெதுவாகச் சிந்திக்கொள்ளுங்கள். தலையைக் கொஞ்சமே கொஞ்சம் பின்னால் சாய்த்தால் போதும். முனையைத் துவாரத்துக்குள் வைத்து, அதே பக்கத்துக் காதின் மேல்நுனியைப் பார்க்கிற மாதிரி வெளிப்பக்கமாகத் திருப்புங்கள், முனை மூக்குச் சுவரைத் தொடாமல் கொஞ்சம் இடம் இருக்கட்டும். நாக்கை மேல்வாயில் ஒட்டி வைத்துக்கொண்டு, லேசாக மூச்சு இழுத்தபடி ஒரு முறை அழுத்துங்கள், உறிஞ்ச வேண்டாம். இடது துவாரத்துக்கு வலது கையையும் வலது துவாரத்துக்கு இடது கையையும் பயன்படுத்தினால் முனை தானாகவே வெளிப்பக்கம் திரும்பிவிடும், இது எல்லா மூக்கு ஸ்பிரேக்கும் பொருந்தும். அந்த நாக்கு விஷயத்தைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள், ஆனால் குறிப்புத்தாளிலேயே அச்சடித்திருக்கிறது.

பாட்டில் பற்றியும் இரண்டு வார்த்தை. பெட்டியில் இரண்டு பாட்டில் இருக்கும், ஒவ்வொன்றும் 15 நாளைக்கு. புதுப் பாட்டிலைத் திறந்ததும் காற்றில் 7 முறை அடித்துத் தயார் செய்ய வேண்டும், முகத்துக்கு எதிரே வேண்டாம். ஐந்து நாளுக்கு மேல் தொடாமல் வைத்திருந்தால் மட்டும் மறுபடி ஒரு முறை. தினமும் காற்றில் அடித்துப் பார்த்தால் மாதக் கடைசியில் மருந்து இருக்காது. பாட்டிலைக் குலுக்கவும் வேண்டாம்.

இப்போது காந்தல். உங்கள் மருந்துப் பட்டியலில் சந்தேகத்துக்குரியவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள். ஃப்ளோனேஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மருந்து கெடாமல் காக்கும் பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தியும், பூவாசனை கொடுக்கும் ஃபீனைல் எத்தில் ஆல்கஹாலும் இருக்கின்றன, சிலருக்கு இவையே மூக்கை உலர்த்தி எரிய வைக்கும், ரத்தம் கசியவும் வைக்கும். டிர்வாயாவில் பதப்படுத்தி இல்லை. வருஷக்கணக்காகப் போடுகிற ஃப்ளோனேஸ் ஒன்றும் செய்யவில்லையே என்பீர்கள். ஏற்கெனவே லேசாக உலர்ந்து கிடக்கும் சவ்வில் இன்னொரு ஸ்பிரேயும் சேரும்போதுதான் சிலருக்கு உறைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து அடிக்கிறீர்களா என்று பாருங்கள். நானாக இருந்தால் அரைமணி நேரமாவது இடைவெளி விடச் சொல்வேன். ஃப்ளோனேஸ் இப்போது உண்மையிலேயே தேவையா, அல்லது பழக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்தது கண் சொட்டு. கண்ணின் உள்மூலையில், மேலிமையிலும் கீழிமையிலும் ஊசி முனை அளவுக்கு ஒவ்வொரு துளை இருக்கிறது. கண்ணில் விடும் எதுவும் அதன் வழியாகக் கண்ணீர்ப் பைக்கும், அங்கிருந்து குழாய் வழியாக மூக்குக்கும் வந்து, கடைசியில் தொண்டைக்கு இறங்கும். ஒரு சொட்டில் சுமார் 30 முதல் 50 மைக்ரோலிட்டர் இருக்கிறது, கண்ணால் பிடித்து வைக்க முடிந்தது அதிகபட்சம் 30தான், மீதி கன்னத்திலோ மூக்கிலோ போயே ஆக வேண்டும். கண் வறட்சிக்கான இன்னொரு மருந்தான லிஃபிடெக்ராஸ்ட் சொட்டு போடுகிறவர்கள் வாயெல்லாம் ஒரு மாதிரி கசக்கிறது என்று சொல்வது இதனால்தான். ஆக ரெஸ்டாசிஸ் விட்ட கொஞ்ச நேரத்தில் மூக்கில் ஏதாவது தோன்றினால் அதையும் குறித்து வையுங்கள். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, உள்மூலையில் மூக்கெலும்பை ஒட்டி விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டால் மூக்குக்குப் போவது குறையும், கண்ணிலும் மருந்து கொஞ்சம் கூடுதலாகத் தங்கும். ஸ்பிரே அடித்த பிறகு மூக்கில் தண்ணீராக ஒழுகுகிறதென்றால் அதுவும் இதே வழிதான், ஊறிய கண்ணீர் வடிந்து வருகிறது. பயப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் ஹீட்டர். குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஈரப்பதம் எவ்வளவு என்று காட்டும் சின்னக் கருவி மலிவாகக் கிடைக்கிறது, ஒன்று வாங்கி படுக்கையறையில் வையுங்கள். 30%க்குக் கீழே காட்டினால் மூக்கு எரிவதற்கும் கண் உலர்வதற்கும் அதுவே போதும். ஹியூமிடிஃபையர் வைத்து 40% பக்கம் கொண்டுவாருங்கள், 50ஐத் தாண்டவிட்டால் பூஞ்சை வரும். மூக்குக்கு உப்புநீர் ஸ்பிரேயோ தண்ணீர் கலந்த உப்பு ஜெல்லோ நல்லது, ஆனால் டிர்வாயா அடித்த சூட்டோடு போட்டு அதைக் கழுவிவிடாதீர்கள்.

ஊரிலிருந்து அம்மா ஃபோனில் சொல்லும் வைத்தியமும் வரும் என்று தெரியும், நல்லெண்ணெய் இரண்டு சொட்டு மூக்கில் விடு, விக்ஸ் போட்டு ஆவி பிடி என்று. எண்ணெய்ப் பூச்சு இருந்தால் மருந்து சவ்வில் பட வழியில்லை. எண்ணெயும் வாசலினும் மூக்கின் உள்ளே அடிக்கடி போய்க்கொண்டிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்கு இறங்கி அங்கே தொந்தரவு கொடுத்த கதைகளும் மருத்துவத்தில் உண்டு. விக்ஸ் வேப்போரப்பை மூக்குத் துவாரத்துக்குள் தடவக் கூடாது என்று அந்த டப்பாவிலேயே எழுதியிருக்கிறது, ஏற்கெனவே காந்தும் மூக்கில் அது இன்னும் காந்தும். வெறும் ஆவி வேண்டுமானால் பிடித்துக்கொள்ளுங்கள், சுடுநீரைக் கவனமாகக் கையாளுங்கள்.

மூக்கு எரிச்சல் இந்தச் சிகிச்சை வகைக்கே புதிதல்ல. 2017இல் ட்ரூடியர் என்று ஒரு கருவிக்கு அனுமதி கிடைத்தது, இரண்டு முனைகளை மூக்குக்குள் வைத்து மெல்லிய மின்தூண்டல் கொடுப்பது, இதே நரம்பைத்தான் அதுவும் எழுப்பியது. மூக்கில் வலி, காந்தல், ரத்தக்கசிவு என்று அதற்கும் புகார்கள் இருந்தன, 2020இல் சந்தையிலிருந்து போய்விட்டது. மூக்கின் வெளிப்பக்கத்தில் வைத்து அதிரவைக்கும் ஐடியர் என்ற கருவியும் இருக்கிறது, உள்ளே எதுவும் போகாததால் சவ்வுக்குப் பிரச்சினை குறைவு.

மாத்திரையாகச் சான்டிக்ஸ் போட்டவர்களுக்குக் குமட்டல், விபரீதக் கனவு எல்லாம் வந்ததே, எனக்கும் வருமா என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு வேளைக்கு இரண்டு துவாரத்துக்கும் சேர்த்து 0.06 மில்லிகிராம்தான் போகிறது, ரத்தத்தில் சேர்வது 1 மில்லிகிராம் மாத்திரையோடு ஒப்பிட்டால் சுமார் 7.5%. அந்தக் கவலை எனக்குப் பெரிதாக இல்லை. ஆனாலும் வலிப்பு வந்த வரலாறு, கர்ப்பம் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

காத்திருக்காமல் கூப்பிட வேண்டியவை இவை. மூக்கில் ரத்தம் திரும்பத் திரும்ப வந்தால், உள்ளே ஆறாத புண்ணோ நாற்றமடிக்கும் பொருக்கோ இருந்தால், வாசனை தெரியாமல் போனால், காய்ச்சலோடு முகம் வலித்தால் ஸ்பிரேயை நிறுத்தி வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். உதடு, நாக்கு வீங்கினால், மூச்சுத் திணறினால் 911ஐக் கூப்பிடுங்கள். இன்னொன்று, உங்களுக்கு மூக்கிலோ சைனஸிலோ அறுவை சிகிச்சை நடந்திருந்தால், அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும் பழக்கம் இருந்தால், நடுத்தண்டு மோசமாக வளைந்திருந்தால் அதைக் கண் டாக்டரிடம் சொன்னீர்களா? கண் டாக்டர் மூக்கைப் பற்றிக் கேட்க மறந்துவிடுவது நடக்கிற விஷயம்தான். அப்படிப்பட்டவர்களை ஆய்வுகளிலேயே சேர்க்கவில்லை, அதனால் மேலே சொன்ன சதவீதங்களை அவர்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு கஷ்டத்துக்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 758 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வில், நாலு வாரம் கழித்து ஷிர்மர் பரிசோதனையில் (கீழிமையில் சின்னக் காகிதப் பட்டையை மாட்டி ஐந்து நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பார்களே, அதுதான்) 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கூடியவர்கள் மருந்து போட்டவர்களில் 47%, மருந்தில்லாத வெறும் ஸ்பிரே போட்டவர்களில் 28%. நல்ல வித்தியாசம்தான், ஆனால் பாதிப் பேருக்கு மேல் அந்த அளவை எட்டவில்லை என்பதும் அதே எண்ணில்தான் இருக்கிறது. பட்டை நனைவது கூடினாலும் கண் உறுத்தல் அதே அளவுக்குக் குறையும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

ஆகவே இப்போதே நிறுத்த வேண்டாம் என்பதுதான் என் பேச்சு. மேலே சொன்ன அபாய அறிகுறி எதுவும் இல்லையென்றால், அடிக்கும் முறையைத் திருத்தி, ஃப்ளோனேஸை அரைமணி நேர இடைவெளி விட்டு அடித்து, ஈரப்பதத்தைக் கூட்டி, மொத்தம் நாலு வாரம் ஆகும்வரை பாருங்கள். ஃபோனில் குறிப்பு எழுதி வையுங்கள், எரிச்சல் எந்த மருந்துக்குப் பின், எத்தனை நிமிடம், எந்தப் பக்கத் துவாரத்தில் என்று. ஒரே பக்கம் மட்டும் எரிந்தால் பெரும்பாலும் அந்தக் கையால் அடிக்கும் கோணம்தான் காரணம்.

நாலு வாரத்தில் டாக்டரைப் பார்க்கும்போது ஷிர்மர் மறுபடி செய்யச் சொல்லி, பழைய எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கூடியிருந்து உங்களுக்கும் கண் சுகமாக இருந்தால் தும்மலோடு வாழப் பழகலாம். எண்ணும் நகரவில்லை, மூக்கும் காந்துகிறது என்றால் தயங்காமல் மாற்றச் சொல்லுங்கள். இமைச் சுரப்பிகள் அடைத்து எண்ணெய்ப் படலம் குறைந்ததால் வரும் வறட்சி என்றால், கண்ணீர் ஆவியாகாமல் காக்கும் மீபோ சொட்டு 2023 முதல் இருக்கிறது. கண்ணிலேயே நரம்பைத் தூண்டும் டிரிப்டிர் சொட்டுக்கு 2025இல் அனுமதி வந்தது, அது மூக்கை விட்டுவிடும், ஆனால் விட்டதும் கண் எரிகிறது என்பது அதன் புகார். கண்ணீர்த் துளைக்குச் சின்ன அடைப்பான் வைப்பதும் பழைய, நல்ல வழி. அது வைத்தால் ரெஸ்டாசிஸ் மூக்குக்கு இறங்குவதும் கூடவே குறையும், அதனால் உங்கள் விஷயத்தில் அதைத்தான் முதலில் கேட்டுப் பார்க்கச் சொல்வேன்.